துடைக்கப்பட்ட காந்தம்

ஒரு மில் முதலாளியிடம் சின்னதாக ஒரு விமானம் இருந்தது. ஒரே எஞ்சின். மூக்கில் ஒரே புரொப்பல்லர். அந்த எஞ்சினின் அடிவயிற்றில், எண்ணெய் வந்து தேங்குகிற இடத்தில், சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு காந்தம் குடியிருந்தது. அங்கே வெளிச்சம் கிடையாது. சுடச்சுட எண்ணெய், ஓயாத இரைச்சல், அவ்வளவுதான் அதன் உலகம்.

அதற்கு ஒரு வேலைதான். எஞ்சினுக்குள் எது தேய்ந்து உதிர்ந்தாலும் எண்ணெயோடு வரும். அதைப் பிடிக்க வேண்டும். காந்தத்துக்கு இரண்டு முனை, நடுவில் மெல்லிய இடைவெளி. பிடித்த இரும்பு அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் மின்சாரம் ஓடி, விமானி லாரன்ஸின் கண்முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே ஏதோ சாகிறது என்று அர்த்தம்.

முதல் தடவை விளக்கு எரிந்தபோது லாரன்ஸ் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். விமானத்தை நிறுத்தி, காந்தத்தைக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். மை மாதிரி கருந்தூள். புது எஞ்சினில் அது சகஜம். பட்டறைக்காரர்களும் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். துணியால் துடைத்து மாட்டினார். விளக்கு அணைந்தது.

கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது. துடைத்தால் விளக்கு அணைகிறது என்பது அவர் கைக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் காந்தத்தின் மேல் சுருக்கென்று ஏதோ குத்தியது. தூள் இல்லை. மீன்செதில் மாதிரி பளபளவென்று ஒரு சில்லு.

"யாருது இது?" என்று இருட்டுக்குள் கத்தியது.

மேலேயிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "தம்பி, சத்தம் போடாதடா. என்னுதுதான்."

பேரிங் பேசியது. புரொப்பல்லரைச் சுற்றவைக்கிற பல்சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிற பேரிங்.

"அண்ணே, நீங்களா? உடையிறீங்களா?"

"உடையலடா, லேசா உரிஞ்சிருக்கு. நீ வாய வச்சிட்டுச் சும்மா இருந்தாப் போதும். சோதனைன்னு வந்து திறந்தானுங்கன்னா என்னை நோண்டி எடுத்துக் குப்பையில போட்ருவானுங்க. போன சோதனையில அந்த ஆயில் சீல் வளையத்தைக் கொண்டுபோனாங்களே, திரும்பி வந்துச்சா?"

காந்தத்துக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இருந்தாலும் இன்னும் இரண்டு சில்லு வந்து ஒட்டியதும் இடைவெளி அடைபட்டது. விளக்கு எரிந்தது.

விமானம் அப்போது தரையில் நின்றது. சட்டம் தெளிவு: ஒட்டியதைப் பத்திரமாக எடுத்துப் பட்டறையில் காட்ட வேண்டும், அது எந்த உறுப்பின் இரும்பு என்று தெரிகிறவரை பறக்கக் கூடாது. லாரன்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பக்கத்தில் முதலாளி வரதராஜுலு நின்றார்.

"என்னங்க கேப்டன், மறுபடியும் அந்தச் சனியன் எரியுதா?"

"காட்டிடலாம் சார். எஞ்சின் சோதனைக்கும் தேதி தாண்டிடுச்சு. ரெண்டையும் ஒண்ணா..."

"பொண்ணு நிச்சயதார்த்தத்த வச்சிக்கிட்டு இப்பப் பட்டறையில கொண்டுபோய்ப் போடறதுங்களா? முடியட்டும், பார்க்கலாம். சும்மா சும்மா கத்துதுன்னா அந்தக் காந்தத்தையே மாத்திப்போடுங்க."

லாரன்ஸ் காந்தத்தைக் கழற்றினார். இந்தத் தடவை வெயிலில் பிடிக்கவில்லை. பார்த்துவிட்டால் பறக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துணியால் அழுத்தித் துடைத்தார். மூன்று சில்லும் துணியோடு போனது. ஒன்று அவர் விரலில் குத்தி ரத்தம்கூட வந்தது. விரலைச் சப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்பி உள்ளே போன காந்தத்தை மஞ்சள் விளக்கு பிடித்து ஏசியது.

"ஏண்டா, உன் பேச்சைக் கேட்டு எரிஞ்சதுக்கு என்ன மரியாதை பார்த்தியா? என்னைச் சனியன்கிறாரு. பக்கத்துல இருக்கிற மீட்டர் முள்ளு எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்குது. எண்ணெய்ச் சூடு முள்ளு கேட்குது, 'என்ன, இன்னைக்கும் புலி வருதா?'ன்னு."

"நான் பொய் சொல்லல."

"பொய்யோ நிஜமோ, அடுத்த தடவை என் பல்பைப் பிடுங்கிருவானுங்க. உன்னைத் தூக்கி எறிஞ்சிருவானுங்க. ரெண்டு பேரும் மூடிக்கிட்டு இருப்போம்."

காந்தம் யோசித்தது. யோசித்தது என்று சொல்வதே அதிகம். பயந்தது. உண்மையைச் சொன்னால் துடைக்கிறார்கள். மறுபடி சொன்னால் எறிவார்கள். சொல்லாவிட்டால் பேரிங் அண்ணன் பிழைப்பார், விளக்கு பிழைக்கும், தானும் பிழைக்கலாம். அதனால் ஒரு வேலை செய்தது. அடுத்து வந்த சில்லுகளை முனைப்பக்கம் விடாமல் முதுகுப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. இடைவெளி அடைபடவில்லை. விளக்கு எரியவில்லை.

"பார்த்தீங்களா சார், சரியாப்போச்சு" என்றார் லாரன்ஸ். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் காந்தமே அவருக்காகச் சந்தோஷப்பட்டிருக்கும். முதலாளி தட்டிக்கொடுத்தார். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்ததில் எல்லாம் சுமுகமாகிவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு மைசூர் கிளம்பினார்கள். முதலாளி, மணப்பெண் ரேணு, ஏற்கனவே கட்டிக்கொடுத்த மூத்த மகளின் மாமியார் சம்பந்தி அம்மாள். அந்த அம்மாளுக்கு விமானம் இதுதான் முதல் தடவை. ஏறும்போதே கைப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார்.

"சம்பந்தி, ஒண்ணும் ஆகாதுங்களே?"

"நம்ம கார் மாதிரிதானுங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிரலாம்."

மேலே ஏறினார்கள். சத்தியமங்கலம் காடு கீழே வந்தபோது பேரிங் முனகத் தொடங்கியது. சில்லுகள் இப்போது ஒன்று இரண்டாக வரவில்லை. காந்தத்தின் முதுகில் இடமில்லை. நகம் அளவுக்குத் துண்டுகள் வந்து மோதின.

"அண்ணே, என்ன ஆகுது?"

"தம்பி..." பேரிங்கின் குரல் உடைந்திருந்தது. "சொல்லிருடா. இப்பவே சொல்லு."

"நீங்கதானே வேணாம்னீங்க!"

"குப்பையில கிடந்தாலும் முழுசாக் கிடந்திருப்பேன்டா! ஐயோ, சொல்லுடா!"

காந்தம் பிடித்துவைத்ததையெல்லாம் முனைக்குத் தள்ளியது. விளக்கு எரிந்தது. இத்தனை பிரகாசமாக அது எரிந்ததே இல்லை. "பார்! பார்!" என்று லாரன்ஸின் முகத்துக்கு நேராக அலறியது.

லாரன்ஸ் பார்த்தார். கை தன்னிச்சையாக எழுந்து, நடுவழியில் நின்றது. துடைக்க வேண்டியது எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சின் ஆகாயத்தில் இருக்கிறது.

"மறுபடி வேலையக் காட்டுதுங்களா?" என்றார் முதலாளி பின்னாலிருந்து.

லாரன்ஸின் காது வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. மூக்குப் பக்கமிருந்து, கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எண்ணெய்ச் சூடு முள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சிவப்புக்கு ஓடியது. புரொப்பல்லர் ஒரு உதறு உதறியது. எல்லார் பல்லும் கிட்டித்தது. ரேணு "அப்பா" என்றாள். அதற்குள் பேரிங் உடைந்தது. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

எஞ்சின் நின்றுவிட்டது.

காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. மூக்கு மெதுவாகக் கீழே சாய்ந்தது. லாரன்ஸ் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் மலையும் மரமும். வயல் இல்லை, ரோடு இல்லை, வறண்ட குளம்கூட இல்லை. முதலாளியின் வாய் திறந்தபடியே இருந்தது.

சம்பந்தி அம்மாள்தான் கேட்டார். பதற்றமில்லை, விவரம் தெரியாதவரின் நிதானம்.

"இது நின்னா என்னங்க, இன்னொண்ணு ஓடுமில்லீங்க?"

விமானி வாயைத் திறக்கவில்லை. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். விளக்கு எரிந்தபடியே மௌனமாக இருந்தது.

"இல்லீங்கம்மா, ஒண்ணுதான்" என்றது காந்தம். கேட்டவுடனே, யாருக்கும் பயப்படாமல், உள்ளது உள்ளபடி.

அது எண்ணெய்க்குள் இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.