மான்குட்டிக்காகக் கூடிய காடு

ஆவாரங்காட்டில் மிளகி என்று ஒரு மான்குட்டி இருந்தது. பிறந்ததிலிருந்தே அதற்குக் காது கேட்காது. மற்றபடி அது எல்லாக் குட்டிகளையும் போலத்தான். துள்ளும், முட்டும், அம்மா மென்றுகொண்டிருக்கும் புல்லை வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும்.

குளத்தங்கரை அரசமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. கரடி அதன் தலைமை ஆசிரியர், குரங்கு வாத்தியார். அங்கே பாடம் ஒன்றே ஒன்றுதான். புலி வந்தால் குரங்கு மரத்தின் மேலிருந்து கத்தும். கத்தல் கேட்டதும் குட்டிகள் புதருக்குள் ஓடி ஒளிய வேண்டும். சின்னப் பாடம்தான், ஆனால் நிஜப் புலியிடம் தவறினால் மறுதேர்வு கிடையாது.

கோடையில் அந்தக் குளம் வற்றிவிடும். மான்கூட்டம் புலி உலவும் காட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்விடும். மழை பெய்த பிறகுதான் திரும்பும். பாடத்தில் தேறிய குட்டிகள் மட்டும் கூட்டத்தோடு போகலாம். தேறாத குட்டிகளுக்கு முள்வேலிக்குள் ஒரு தனி வகுப்பு இருந்தது. முள்ளம்பன்றி அதற்குக் காவல். வகுப்பு என்று பெயரே தவிர அங்கே யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. வேளாவேளைக்குத் தழை போட்டு, சும்மா இரு என்பார்கள். வற்றிய காட்டில் பெரிய மானுக்குத் தீனி கிடைக்காது என்பதால் அம்மாவும் கூடத் தங்க முடியாது.

மிளகி மூன்று முறை தேர்வில் தவறியது. குரங்கு தொண்டை கிழியக் கத்தியபோது அது பாட்டுக்கு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கோடைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. தாய்மான் அழுதுகொண்டே கரடியிடம் போனது. தன் குட்டியை முள்வேலிக்குள் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பிராணிகள் காட்டில் குறைவு. கரடி அதில் ஒன்று.

"எனக்கு வழி தெரியலம்மா. காட்டையே கூப்பிட்டுக் கேட்போம்" என்றது.

காடே கூடியது. யோசனை சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது? தன் குரல் குரங்கின் குரலைவிட எடுப்பானது, ஆகவே இனித் தானே கத்துவதாக மயில் சொன்னது. ஒரே பாடத்தை நூறு தடவை சொன்னால் ஏறாத மண்டையும் உண்டா என்று கிளி கேட்டது. தனி வகுப்பின் வேலியில் பூக்கொடி படரவிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்றது நரி. அதற்குத்தான் பலத்த வரவேற்பு. எல்லா யோசனைகளும் ஒருமனதாக நிறைவேறின.

பத்து நாள் எல்லாம் நடந்தது. மயில் மிளகியின் பக்கத்திலேயே நின்று கத்தியது. மிளகி அதன் நீலக் கழுத்தை வாயைப் பிளந்து ரசித்தது. கிளிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பகலில் தூங்கும் ஆந்தை இந்த இரைச்சலில் வேறு மரம் பார்த்துப் போய்விட்டது. கொடி மட்டும் நன்றாகப் படர்ந்தது.

மறுபடியும் கூட்டம் போட்டார்கள். தங்களால் ஆனதையெல்லாம் செய்தாகிவிட்டது, குட்டிக்குத்தான் கொடுப்பினை இல்லை என்று நரி பேசி முடித்தது. பல தலைகள் ஆடின. மான்கூட்டத்தின் தலைவர் கிளைக்கொம்பர் என்ற வயதான கலைமான். ஒரு குட்டிக்காகக் கூட்டத்தையே ஆபத்தில் தள்ள முடியாது என்று அதுவும் சொல்லிவிட்டது.

தாய்மான் எழுந்தது.

"இவளப் பத்தி ரெண்டு கூட்டம் போட்டுட்டீங்க. ரெண்டுலயும் இவ இங்கதான் உக்காந்திருக்கா. யாராவது ஒருத்தர் இவளத் திரும்பிப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். மிளகி வெட்கப்பட்டு அம்மாவின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டது.

கரடிக்கு உறைத்தது. அங்கேயே புது விதி போட்டது. இனி மிளகியைப் பற்றி யோசனை சொல்ல வருகிறவர்கள் முதலில் ஒரு நாள் முழுக்க அதோடு வகுப்பில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. சாயங்காலம்தான் பேச வேண்டும்.

நரிக்கு உடனே வெளியூரில் வேலை வந்துவிட்டது. மயிலுக்கு வாயை மூடிக்கொண்டு ஒரு நாளைக் கழிக்கும் தெம்பு இல்லை. மறுநாள் காலையில் ஓர் எருமை வந்தது. அதன் முதுகில் ஒரு கொக்கு. கூடவே ஓர் அணிலும் வந்தது. கிளியும் வந்தது. தொண்டை கட்டியிருந்ததால் அதற்கு விதி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

நான்கும் காலை முதல் சாயங்காலம் வரை மிளகியோடு உட்கார்ந்தன, மேய்ந்தன, தண்ணீர் குடித்தன. சூரியன் இறங்கியதும் எருமைதான் முதலில் வாயைத் திறந்தது.

"காலையில நான் இவளுக்குப் பின்பக்கமா வந்தேன். பத்தடி இருக்கும்போதே டக்குனு திரும்பிட்டா. நான் கால் வைக்கிறது இவ குளம்புக்குத் தெரியுது."

பக்கத்தில் ஒரு மான் வாலைத் தூக்கினாலும் மிளகியின் கண் அங்கே போய்விடுகிறது என்றது கொக்கு. மரக்கிளை ஆடினால் மற்றக் குட்டிகளுக்கு முன்பே அது நிமிர்ந்து பார்க்கிறது என்றது அணில். கிளி கரகரத்த குரலில் ஒன்று சொன்னது. தாகம் எடுத்தால் மிளகி குளம்பால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் குளத்தைக் காட்டுகிறதாம்.

"நூறு தடவை சொல்லியும் என்னால ஒண்ணும் கத்துக்கொடுக்க முடியல. இவ ரெண்டே தடவையில எனக்குக் கத்துக்கொடுத்துட்டா."

கரடி நால்வர் சொன்னதையும் சேர்த்து ஒரு பாடம் அமைத்தது. குரங்கு கத்தும்போதே கிளையையும் பிடித்து உலுக்க வேண்டும். கத்தலைக் கேட்ட மான் வாலைத் தூக்கி, முன்னங்காலால் மூன்று முறை தரையை ஓங்கி மிதித்துவிட்டு ஓட வேண்டும். இதில் மிளகியைவிட மற்றவர்களுக்குத்தான் படிப்பு அதிகம்.

கிளைக்கொம்பருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு குட்டிக்காக முப்பது மான்கள் வழக்கத்தை மாற்றுவதா என்று முறைத்தது. மற்ற மான்கள் வேண்டுமானால் பழகிக்கொள்ளட்டும், தான் வர முடியாது என்று விலகிக்கொண்டது.

மான்கள் பழகின. முதலில் எல்லாம் மிதிக்க மறந்துவிட்டு ஓடின. பாதி தூரம் போய் ஞாபகம் வந்து, புதருக்குள் நின்று மிதித்தன. எருமை ஒவ்வொரு நாளும் வந்து பின்னாலிருந்து தரையை மிதித்துக் காட்டியது. கிளையை உலுக்கும் வேலை குரங்குக்கு ரொம்பப் பிடித்துப்போனது, காரணமில்லாமலும் உலுக்கியது. இருபது நாளில் கூட்டத்துக்கே அது கைவந்துவிட்டது.

தேர்வு நாள் வந்தது. புல்வெளியில் குட்டிகளும் மான்களும் பரவி மேய்ந்தன. தலைவர் என்ற முறையில் கிளைக்கொம்பர் எல்லாருக்கும் முன்னால் போய், மரத்துக்கும் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டி நின்றது. தாய்மானுக்கு அன்று புல் இறங்கவில்லை.

குரங்கு கத்தியது. கிளை ஆடியது. வெள்ளை வால்கள் எழுந்தன. தரை அதிர்ந்தது. மிளகி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரே பாய்ச்சலில் ஓடியது. முப்பது மான்களில் மூன்றாவதாகப் புதருக்குள் நுழைந்தது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் மிளகி புதருக்குள் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தது. புல்வெளியின் நடுவே கிளைக்கொம்பர் தன்னந்தனியாக நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. குரங்கு மறுபடி கத்தியது. கிழமானின் காதுமடல்கூட அசையவில்லை. புதுப் பாடத்தைப் பழகாததால், தரையின் அதிர்வும் அதற்கு உறைக்கவில்லை.

மிளகி வெளியே ஓடியது. கிளைக்கொம்பரின் பக்கத்தில் போய் நின்று, மூன்று முறை ஓங்கி மிதித்தது. கிழமான் திடுக்கிட்டுத் திரும்பியது. வெளி காலியாக இருந்தது. குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓட, அதுவும் பின்னாலேயே ஓடிப் புதருக்குள் புகுந்தது.

உள்ளே கிளைக்கொம்பர் மூச்சு வாங்க நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னது.

"எனக்குக் காது போய் ரெண்டு வருஷமாச்சு. பேசுறவங்க வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டிருந்தேன். முன்னாடி நிக்கிறவங்க வாலப் பாத்துத்தான் ஓடிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு முன்னாடி யாருமில்ல."

"ஏன் சொல்லலைங்க?" என்று தாய்மான் அதன் முகத்துக்கு நேரே வந்து மெதுவாகக் கேட்டது.

"சொன்னா என்னையும் முள்வேலிக்குள்ள போட்டுடுவீங்கன்னு பயம்மா."

அந்தப் பயம் யாருக்கும் புரியாமல் இல்லை. அந்த வேலியைப் போடச் சொன்னதே கிளைக்கொம்பர்தான்.

கரடிக்கு ஒரு சிக்கல் வந்தது. புதரை விட்டு வெளியே வந்த குட்டி தேறவில்லை என்பது பழைய விதி. வயிற்றைச் சொறிந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்த விதியை எடுத்துவிட்டு, மிளகி தேறிவிட்டது என்று அறிவித்தது. குரங்கு அதைக் கேட்டுக் கிளையை உலுக்கிய உலுக்கலில் கீழே விழுந்தது.

மறுவாரம் மான்கூட்டம் ஆற்றங்கரைக்குக் கிளம்பியது. முள்வேலிக்குள் யாரும் இல்லை. முள்ளம்பன்றியும் வழியனுப்ப வந்திருந்தது. கிளைக்கொம்பர் தாய்மானிடம் வந்து, வழியில் மிளகி தன் பக்கத்தில் நடக்கட்டும், தனக்கும் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அம்மா ஒரு பக்கம், கிழமான் ஒரு பக்கம், நடுவில் மிளகி நடந்தது. அது நடந்ததா துள்ளியதா என்று கேட்டால், துள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும்.

குறையுள்ள பிள்ளையை ஒதுக்கி வைக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதற்காகத் தானும் மாறக் கற்றுக்கொள்ளும் ஊரில்தான் யாரும் தங்கள் குறையை மறைத்துப் பயந்து வாழ வேண்டியதில்லை.