ரிட்டயர் ஆன மருந்து

தூத்துக்குடியில் மீன் விற்கிற சலேத்மேரியின் காலில் முள் குத்தி, புண் முழங்கால்வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் புதுப்புது ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கிருமி அசைந்து கொடுக்கவில்லை.

"பழைய மருந்து ஒண்ணுதான் கேட்கும்னு லேப்ல சொல்றாங்க சார்," என்றாள் பயிற்சி டாக்டர். "கிட்னியைக் கவனிச்சுக்கிட்டே போடணும்."

பெரிய டாக்டர் ஞானதுரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ரிட்டயர் ஆன மருந்துக்கெல்லாம் என் வார்டுல இடமில்லை. காலை எடுத்துடலாம்."

சலேத்மேரி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா எப்ப ரிட்டயர் ஆனீய?"

"போன வருஷமே ஆச்சு," என்று அவர் மார்பை நிமிர்த்தினார். "புதுசா வந்தவங்களால முடியலன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாங்க."

"அந்த மருந்தையும் அதுக்குத்தானய்யா கூப்பிடுதாவ? அது முரடு, பாத்துப் பாத்துப் போடணுமாம். உங்களையும் இங்க அப்படித்தான் வச்சிருக்காவ. விட்டா ரெண்டு பேரையும் உள்ள விடணும். இல்லன்னா ரெண்டு பேரும் வெளிய போங்க. என் காலைத் தொடக்கூடாது."

வார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஞானதுரை அந்தப் பழைய மருந்துக்கே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போகிற அன்று சலேத்மேரி அவர் அறை வாசல் வழியாகத்தான் போனாள், இரண்டு காலாலும் தரை அதிர நடந்து.