நால்வாசல் நகரில் அடைபட்ட வாசல்கள்

"வாசல்களை அடைத்துவிட்டால் நானும் நிம்மதியாகத் தூங்குவேன்!"

நகரத் தலைவர் கரிமூக்கர் தன் மனைவியிடம் முணுமுணுத்தது, தானியம் சுமந்து போன வெள்ளெலி நுணாவின் காதில் விழுந்தது. பாம்பு வந்தால் எந்த வழியாக ஓடுவது என்று யோசித்தாள். அவளுடைய குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

காட்டோரத்து மணல்மேட்டுக்குள் இருந்தது வெள்ளெலிகளின் நால்வாசல் நகரம். பெருச்சாளி ராஜாவின் கொடுமை தாங்காத முன்னோர்கள், பிரிந்து வந்து தோண்டிய ஊர் அது. அங்கே ராஜா கிடையாது. வாசலுக்கு ஒருவராக ஊரார் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் தலைவர். பதவியில் இருப்பவர் தன் வாசலிலேயே படுக்க வேண்டும் என்பது முன்னோர் வைத்த சட்டம்.

மறுநாள் மன்றம் கூடியது.

"பாம்பு நடமாட்டம் அதிகமாகிவிட்டது. மூன்று வாசல்களை அடைப்போம். ஒன்றே போதும்!" என்றார் கரிமூக்கர்.

"ஆமாம், ஆமாம்!" என்று மற்ற உறுப்பினர்கள் வாலை உயர்த்தினார்கள்.

நுணா எழுந்தாள். "பாம்பு ஒரு வாசலில் வந்தால் இன்னொன்றில் தப்பலாம், ஐயா. அதற்குத்தானே நான்கு?"

"அந்த ஒரு வாசலுக்குக் காவல் போடுவோம், அம்மா!"

"அங்கே யார் படுப்பது?"

"முறை வைத்து எல்லோரும்!"

"நீங்களுமா?"

கூட்டம் சிரித்தது. கரிமூக்கர் சிரிக்கவில்லை. "எனக்கு ஊர் வேலை தலைக்குமேல் கிடக்கிறது" என்றார்.

மூன்று வாசல்களையும் மண்ணால் அடைத்து மிதித்து இறுக்கினார்கள். உறுப்பினர்கள் வாசலை விட்டு, ஆழத்தில் இருந்த அடியறைக்குக் குடிபோனார்கள். காவல் சில நாள் நடந்தது. பிறகு, "இன்று உன் முறை!" "இல்லை, உன்னுடையது!" என்று சண்டையாகி நின்றுபோனது.

ஒரு மழை மாலையில் வாசலின் வெளிச்சம் சட்டென்று மறைந்தது. நீளமாக ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

"பாம்பு! பாம்பு!"

ஊரே அடைத்த வாசல் ஒன்றை நோக்கி ஓடியது. நுணா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து கிடத்திவிட்டு, தானும் மண்ணைப் பறித்தாள். இறுகிய மண் லேசில் பெயரவில்லை.

"தோண்டுங்கள்! இன்னும் கொஞ்சம்தான்!" என்று கதறினாள்.

உரசல் நெருங்கியது. கரிமூக்கர் அந்தக் குட்டிகளைப் பார்த்தார்.

"வாசலில் படுக்கப் பயந்தவன் பதவிக்கு வந்திருக்கக் கூடாது, அம்மா" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பாம்பு வரும் குறுகலான வழிக்குள் நடந்தார். பாம்பைப் பார்த்து நின்றபடி, பின்னங்கால்களால் மண்ணை வாரி வாரித் தள்ளி, தன் முதுகுக்குப் பின்னால் வழியை அடைத்தார்.