பத்தாம் வீட்டுப் பீலி

ஒரு மலைத்தோட்டத்துல ஒரு லயம் இருந்துச்சு. லயம்னா தேயிலை பறிக்கிறவங்க குடியிருப்பு. ஒரே தகரக் கூரை, அதுக்குக் கீழ வரிசையா பத்து வீடு. பத்தாவது வீட்டுல பூங்காவனம்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு நடந்த அநியாயத்தை வரிசை மாறாம சொல்றேன், நீ விரல் விட்டு எண்ணிக்கோ.

மொதல்ல, ஒண்ணாம் வீட்டுக் கூரை மேல சாஞ்சு நிக்கிற மரத்தோட கிளையை வெட்டுங்கன்னு லயத்துக்காரங்க கேட்டாங்க, தோட்டத்துக்காரங்க வெட்டல. அப்புறம், கூரைத் தண்ணி ஓடுற தகரப் பீலியை மாட்டினப்போ, தண்ணி எறங்குற குழாயை பத்தாம் வீட்டு மூலையில மட்டும் வச்சாங்க. அப்புறம், எலையெல்லாம் அங்க வந்து அடைச்சு, தண்ணி வழிஞ்சு, பூங்காவனத்தோட சுவர் ஊறிப்போச்சு. கடைசியா, சூப்பர்வைசர் வந்து பாத்துட்டு நோட்டுல எழுதினாரு: பத்தாம் வீட்டுக்காரி பீலியைச் சுத்தமா வைக்கல, திங்கக்கெழமை பெரட்டுல பேர் வாசிச்சு வீட்டைக் காலி பண்ணணும்.

பெரட்டுன்னா காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற எடம். அத்தனை பேர் முன்னாடி பேர் வாசிப்பாங்க. ம் சொல்லு. ம்.

அப்போ பூங்காவனம் வெள்ளிக்கெழமை ஏணியை வச்சு ஏறினா. சரக் சரக்னு எலையை அள்ளிக் கீழ போட்டா. குழாய் வாய் தெறந்து மடக் மடக்னு தண்ணியைக் குடிச்சுது. அப்பாடான்னு படுத்தா. விடிஞ்சு பாத்தா, குழாய் வாய் நெறைய மறுபடியும் எலை!

சனிக்கெழமை வீடு வீடாப் போய்க் கேட்டா. "எங்க வாசலுக்கு மேல வந்து பாரு, ஒரு எலை இருக்கா?"ன்னு ஒவ்வொருத்தரும் சொன்னாங்க. இல்ல, நெசந்தான். அப்புறம் ஒன்பதாம் வீட்டு ராசம்மா கம்பை எடுத்து, பீலியில சர்ர்ருன்னு ஒரு தள்ளு தள்ளினா.

"பாத்தியாக்கா, எப்பிடிப் பளபளங்குது!"

"எலை எங்கடி போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அதுக்குக் கால் இருக்கு போல."

அப்பத்தான் புரிஞ்சுது. ஒண்ணாம் வீடு ரெண்டுக்குத் தள்ளுது, ரெண்டாம் வீடு மூணுக்குத் தள்ளுது. அவங்கவங்க வாசலுக்கு மேல மட்டும் சுத்தம். பூங்காவனத்துக்கு வாய் வரைக்கும் திட்டு வந்துச்சு, வெளிய வரல. ஏன்னா, முன்ன அவ நாலாம் வீட்டுல இருந்தா. அவளும் கம்பை எடுத்து அப்பிடித்தான் தள்ளினா. அப்போ பத்தாம் வீட்டுல இருந்த கிழவர் பேரைப் பெரட்டுல வாசிச்சுத் துரத்தினாங்க. இவ கையைக் கட்டிக்கிட்டு நின்னா. தூங்கிட்டியா? ம்.

ஞாயித்துக்கெழமை அவ ஒரு சாக்கைச் சுருட்டி, தன் வீட்டுப் பீலி ஆரம்பிக்கிற எடத்துல அழுத்தி வச்சா. மத்தியானம் மழை பொடபொடன்னு வந்துச்சு. தண்ணி சொளேர்னு ராசம்மா வாசல்ல கொட்டுச்சு. அவ திட்டிக்கிட்டே தன் எல்லையில ஒரு சாக்கை அடைச்சா. எட்டாம் வீட்டுல சொளேர்! அவங்களும் அடைச்சாங்க. இப்பிடியே போய்ப் போய், ஒண்ணாம் வீட்டு மாடத்தி மேல எலையும் தண்ணியும் சேந்து விழுந்துச்சு. அவளுக்கு மேல தள்ளிவிட வீடு இல்ல.

எல்லாரும் நனைஞ்ச கோழி மாதிரி பத்தாம் வீட்டு முன்னாடி வந்து கத்தினாங்க. பூங்காவனம் ஊறின சுவத்துல விரலை வச்சா. விரல் உள்ள போச்சு. "நானும் தள்ளினவதான். ஒரு கிழவரைத் துரத்தினதுல எனக்கும் பங்கு இருக்கு. இப்ப என்னைத் துரத்துங்க. அப்புறம் வரிசையா உங்க முறை வரும்."

அப்புறம் மாடத்திதான் மொதல்ல ஏணியில ஏறினா. எலையைத் தள்ளல, அள்ளிக் கீழ போட்டா. பத்து வீட்டுப் பீலியும் பொழுது சாயறதுக்குள்ள சுத்தமாச்சு.

ஆனா நோட்டுல எழுதினது எழுதினதுதானே? திங்கக்கெழமை சூப்பர்வைசர் நோட்டை விரிச்சாரு. பூங்காவனம் தலையைக் குனியல.

"நில்லுங்கய்யா," மாடத்தி முன்னாடி வந்தா. "பீலியை அடைச்சவங்க பேரைத்தானே வாசிக்கணும்? அப்ப ஒண்ணுலேருந்து வாசிங்க. எலை என் வாசல்லேருந்துதான் கெளம்புது."

"என்னோடதும் எழுதுங்க," ராசம்மா சொன்னா. பின்னாடியே எட்டு, ஏழு, ஆறு...

"பைத்தியமா உங்களுக்கு? பத்து வீட்டையும் காலி பண்ணிட்டு நாளைக்குக் கொழுந்தை யாரு பறிப்பா?"

"அதை நீங்கதான் யோசிக்கணும். மரத்தை வெட்டாதவங்க பேரையும் கடைசியில ஒரு வரி எழுதிக்கோங்க," மாடத்தி சொன்னா.

அவரு யோசிச்சாரு. காலி பண்ணச் சொன்ன வரியை அடிச்சாரு, கீழ பத்து பேர் எழுதினாரு. மூடப் போனாரு. யாரும் நகரல. "சத்தமா வாசிங்கய்யா, எல்லாருக்கும் கேக்கணும்"னு பூங்காவனம் சொன்னா. மத்த லயத்து ஆளுங்களும் சேந்து எரநூறு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நின்னாங்க. அவரு தொண்டையைச் செருமிட்டு ஆரம்பிச்சாரு:

"ஒண்ணாம் வீடு. மாடத்தி."

அவ்வளவுதான் கண்ணு. கதை கண்ணை மூடிடுச்சு, நீயும் மூடு.