கம்பு மடங்கிய நாள்

மிருகங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மனிதர்களும் பேசினார்கள். ஆனால் ஆடியது மிருகங்கள் மட்டும்தான். மனிதருக்கு உடம்பில் ஓரிடத்திலும் மடிப்பு கிடையாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே கட்டை. அந்த உடம்போடு எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிப் பிள்ளை பெற்றார்கள் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். கதை நின்றுவிடும்.

ஆற்று மணலில் மிருகங்கள் தினமும் சடுகுடு ஆடும். களத்துக்குத் தலைவர் கரடியார். எல்லை தெரிய வேண்டும் என்று அவர் மனிதர்களைத் தூக்கிவந்து, மூலைக்கு ஒருவராகக் குழி தோண்டிக் கம்பாக நட்டுவைத்திருந்தார். ஒரு மூலையில் வெள்ளைச்சி, எதிர் மூலையில் அவள் கணவன் மாசானம், மூன்றாவதில் அவள் கொழுந்தன். நாலாவது மூலை காலியாகக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் கரடியார் வந்தார்.

"வெள்ளைச்சி, ஒன் மக பூவாயி நல்லா வளந்துட்டா. காலைல அவள நாலாவது மூலைல நட்டுரலாம்."

"அவ கம்பு இல்ல. எம்பிள்ள."

"கம்பு பெத்தது கம்புதான?" கரடியார் வயிறு குலுங்கச் சிரித்தபடி போய்விட்டார்.

எதிர் மூலையிலிருந்து மாசானம் சொன்னான்: "அவருகிட்ட வாயக் குடுக்காத. நாம நின்னு பழகலையா? அவளும் பழகிக்குவா."

வெள்ளைச்சிக்குக் கரடி மேல் வந்ததைவிட இந்தப் பேச்சின் மேல்தான் அதிக ஆத்திரம் வந்தது. "நான் ஒண்ணும் பழகல. நிக்கேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினாள். குழி மணல் இளகியது. இன்னும் ஆட்டினாள். பக்கத்தில் இருந்த பாறைமேல் வேண்டுமென்றே விழுந்தாள்.

படக் படக் என்று சத்தம் கேட்டது. முழங்காலின் முன்பக்கம் பாறையில் மோதியதால், கால் பின்பக்கமாக மட்டும் மடங்கியது. தோள் போய் விழுந்தது ஒரு பாறைக்குழியில். வலியில் அவள் புரளப் புரள, ஆட்டுக்கல்லில் குழவி மாதிரி எலும்பு அந்தக் குழிக்குள் உருண்டு உருண்டு வழவழப்பானது.

பாறை இடுக்கில் இருந்த பிரண்டை இதைப் பார்த்தது. "நானும் கணுக்கணுவா இருந்துதான் வளர்றேன். அழாத தாயி, எலும்பு விலகாமக் கட்டி வைக்கேன்" என்று மூட்டுக்கு மூட்டு சுற்றிக் கட்டியது. ஆற்றிலிருந்து விரால் மீன் வந்து தன் மேல்வழுவழுப்பை உள்ளே தடவிவிட்டது. "சும்மா கெடந்தா இது இறுகிரும். ஆடுறதுக்கு முன்ன கையக்கால அசைச்சுச் சூடாக்கிக்க" என்றது.

விடிந்தது. பூவாயியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரடியார் வந்தார். கீழே கிடந்த வெள்ளைச்சியைப் பார்த்து, "அடடா, கம்பு ஒடஞ்சு போச்சே" என்றார்.

வெள்ளைச்சி முழங்காலை மடக்கி, கையை ஊன்றி, எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவ சடுகுடு பாடிட்டு வாரேன். பிடிச்சுட்டா எங்க வம்சமே ஒனக்குக் கம்பு. நான் கோட்டத் தொட்டுட்டா, எங்கள்ல ஒருத்தரையும் குழியில வைக்கக் கூடாது."

"ஒடஞ்ச கம்பு ஆடப்போகுதாம்!" என்று மிருகங்கள் எல்லாம் சிரித்தன. கரடியார் சம்மதித்து, பூவாயியைப் பாறையில் சாய்த்து வைத்தார்.

வெள்ளைச்சி கைகால்களை உதறிக்கொண்டு, "சடுகுடு சடுகுடு" என்று மூச்சை விடாமல் உள்ளே போனாள். சிறுத்தையின் காதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். சிறுத்தை பாய்ந்து அவள் வலது கையைக் கவ்வியது. கரடியார் முதுகின்மேல் விழுந்து அமுக்கினார். அவள் முகம் மணலில் புதைந்தது. நடுக்கோடு தலைக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி இருந்தது. மூச்சு மட்டும் இன்னும் அறவில்லை.

இடது கை பின்னால் இடுப்போரம் கிடந்தது. அதை யாரும் பிடிக்கவில்லை. மிருகங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னும் பின்னும் போகும் முன்னங்கால்தான். பின்னால் கிடப்பது முன்னால் வரவேண்டுமானால் வயிற்றுக்கு அடியில்தானே வரவேண்டும்? அங்கேதான் கரடியார் அமுக்கிக்கொண்டிருக்கிறாரே!

வெள்ளைச்சி தோளை உருட்டினாள். கை பக்கவாட்டில் வட்டமடித்துத் தலைக்கு மேலே வந்தது. விரல் நுனி கோட்டைத் தொட்டது.

"இது செல்லாது, இன்னொரு ஆட்டம்" என்று கரடியார் முனகினார்.

"ஆடலாம்" என்றாள் வெள்ளைச்சி, வாயிலிருந்த மணலைத் துப்பியபடி. "மொதல்ல எம்பிள்ளய விடு. பொறவு குழிய மூடு."

நேரே மாசானத்திடம் போய் அவனைக் குழியிலிருந்து பிடுங்கினாள். அவன் பாறையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "வலிக்குமா?"

"வலிக்கும். வாங்க."

அந்த விடியலிலிருந்துதான் சடுகுடுக் களத்தின் மூலையில் யாரும் கம்பு நடுவதில்லை. கோடு மட்டும் கிழிக்கிறார்கள். ஆட இறங்குகிறவர்கள் கைகால்களை உதறி, விரல்களை மடக்கி, படக் படக்கென்று நெட்டி முறிக்கிறார்களே, அது வெள்ளைச்சி பாறையில் விழுந்த சத்தம். நாங்கள் கம்பு இல்லை என்று எதிராளிக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.