பத்துப் பந்தும் அழகு

“இந்த வெட்ஜ்தான் அம்மிணி என் காலை வாருது” என்றார் டாக்டர் ரங்கராஜு.

பூங்கோதை கையிலிருந்த உலோகத் துண்டைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானம். பயிற்சித் திடலை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. ஆட வருகிறவர்களின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி மட்டைகளை அளவெடுத்துத் தருவது அவள் வேலை.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு ஐம்பத்தேழு. ஊரில் பேர்பெற்ற கண் டாக்டர். யார் முன்னாலும் கைகட்டி நின்று பழகாதவர். ஆகவே அவர்தான் சீடர் என்று தயவுசெய்து யாரும் அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

“தூரத்து அடியெல்லாம் நல்லாத்தான் போகுது. குழிக்குக் கிட்ட வந்து, மெதுவாத் தூக்கிப் போடணும் பாரு, அங்கதான் கெட்டுப்போகுது. ஒண்ணு மண்ணுல குத்திக்கிட்டு நிக்குது. இல்லேன்னா பந்தோட மண்டையில பட்டு அந்தப் பக்கம் ஓடிப்போயிடுது. ஆறு வாரத்துல மூணு வெட்ஜ் மாத்திட்டேன்.”

வெட்ஜ் என்பது கிட்டத்திலிருந்து பந்தை மேலே தூக்கிவிடும் குட்டை மட்டை. முகம் சாய்ந்திருக்கும், அடிப்பாகம் தடித்திருக்கும். அந்தச் சாய்வும் தடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும்.

“அடிச்சுக் காட்டுங்க சார்.”

டாக்டர் பச்சைப் பாயின் மேல் ஏறி நின்றார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூச்சை நிதானமாக இழுத்து விட்டார்.

பத்துப் பந்து அடித்தார். எதிரே வைத்திருந்த கூடையில் ஏழு விழுந்தன. மூன்று அதை உரசிக்கொண்டு நின்றன.

“பத்துப் பந்தும் அழகு. போயிட்டு வாங்க சார்.”

“அளவு எடுக்கலையா?”

“இந்த ஆட்டத்துக்கு எதுக்குங்க புது வெட்ஜ்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். வாரம் பூராவும் வீட்டு மொட்டை மாடியில் தினம் அரைமணி நேரம் பழகிவிட்டு வந்திருந்தார். அளவு எடுக்கப் போவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு போன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

இந்த முறை பத்தும் கூடையில்.

“பத்துப் பந்தும் அழகு” என்றாள் பூங்கோதை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் அதுவே நடந்தது. டாக்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“என்ன அம்மிணி, விளையாடறயா? பிரச்சினைன்னு வந்து நிக்கிறேன். நல்லா இருக்குன்னு திருப்பித் திருப்பி அனுப்பற. நான் அப்படி ஒரு பேஷன்ட்டை அனுப்புவனா?”

“உங்ககிட்ட கண்ணாடி போட வர்றவங்க உள்ளதைச் சொல்லுவாங்களா சார்?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பேச்சை எடுத்தால் அவர் எந்தக் கோபத்தையும் மறந்துவிடுவார்.

“அதை ஏன் கேக்கற! முன்னால நிக்கிறவன் போர்டைப் படிக்கிறதைக் கேட்டு, எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பான். பரீட்சைன்னு நினைப்பு. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லுவான். சொல்லிட்டு, கண்ணு தெரியலை டாக்டர்ங்கறான். அவனுக்கு நான் எந்தக் கண்ணாடியைக் கொடுக்கிறது? தெரியாத எழுத்தைத் தெரியலைன்னு சொன்னாத்தானே…”

பேச்சு அங்கேயே நின்றது.

பூங்கோதை கூடையிலிருந்து ஒரே ஒரு பந்தை எடுத்தாள்.

“எந்த இடத்துல கெடுதுங்க?”

“ஒன்பதாவது குழிக்குப் பின்னாடி. சரிவுல.”

இருவரும் நடந்தார்கள். பனி இன்னும் புல்லில் இருந்தது. அவள் பந்தைச் சரிவில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

டாக்டர் வெட்ஜைப் பிடித்தார். வெகுநேரம் அடிக்கவில்லை.

“இங்க வேண்டாம் அம்மிணி.”

அவள் நகரவில்லை.

அடித்தார். வலது கை கடைசி நொடியில் வெட்டி இழுத்தது. வெட்ஜ் மண்ணில் இறங்கியது. புல்லோடு ஒரு கட்டி மண் பெயர்ந்து பறந்தது. பந்து ஒரு முழம் உருண்டு நின்றது.

அடித்து முடித்த பிறகும் அந்தக் கையின் விரல்கள் அடங்கவில்லை. டாக்டர் அதைச் சட்டென்று கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, வெளியே எடுத்து அவளுக்கு நேரே நீட்டினார்.

பூங்கோதை முதலில் குனிந்து மண்ணில் விழுந்த பள்ளத்தைத்தான் பார்த்தாள்.

“அடிப்பாகம் இன்னும் அகலமா வேணுங்க. அப்பத்தான் மண்ணுல இறங்காம வழுக்கிட்டுப் போகும். அதை நான் பண்ணித் தர்றேன்.”

அப்புறம் அவர் கையைப் பார்த்தாள்.

“கைக்கு நான் ஆளில்லைங்க. இதை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“இல்ல.”

“வீட்டுல?”

“யாருக்கும் தெரியாது. எட்டு வாரமா இப்படித்தான். ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு நாளும் நடுங்கினதில்ல அம்மிணி. இது வரைக்கும் இல்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள்ள கத்தியைக் கொண்டுபோறப்ப, இன்னைக்குத்தானோன்னு பயமா இருக்கு. வெட்ஜ்தான் கோளாறுன்னு நீ சொல்லிட்டா நிம்மதியாப் போயிடலாம்னு வந்தேன்.”

“அடுத்து எப்பங்க ஆபரேஷன்?”

“நாளைக்குக் காலையில. ஆறு பேருக்கு.”

பூங்கோதை வெட்ஜை அவரிடமிருந்து வாங்கி, ஒட்டியிருந்த மண்ணைத் தன் துண்டால் துடைக்க ஆரம்பித்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

டாக்டர் இடது கையால் ஃபோனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு அடுத்தபடியாக இருந்த டாக்டர் கிருபாவை அழைத்தார்.

“கிருபா, நாளைக்கு என் ஆறு கேஸையும் நீ எடுத்துக்கம்மா. அப்புறம் நரம்பு டாக்டர்கிட்ட நாளைக்கே ஒரு நேரம் வாங்கு. வலது கை நடுக்கம்னு சொல்லு.”

மறுமுனையில் கிருபா ஏதோ கேட்டாள்.

“பேஷன்ட் பேரா?” என்றார். “ரங்கராஜுன்னு எழுதிக்க.”