எட்டுக்கால் துரோகி

வெகு காலத்துக்கு முன்னால் மருதவளநாட்டை ராசகண்ட பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கேள்வி கேட்பதில் பெரிய பைத்தியம். சாப்பிட உட்கார்ந்தால் சமையல்காரரிடம் கேள்வி, முடி வெட்ட உட்கார்ந்தால் நாவிதரிடம் கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறை அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பிள்ளைகளைக் கேட்பார்.

அந்த வருஷமும் போனார். மந்திரி குழந்தைவேலரும் ஆஸ்தானப் பண்டிதர் சர்வோத்தமரும் கூடப் போனார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை?"

"அறுபது!"

"காவிரி பிறக்கிற இடம்?"

"குடகு!"

"உயிரெழுத்து எத்தனை?"

"பன்னிரண்டு!"

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். "தில்லைக்கூத்தரே, உம்மைப் போல வாத்தியார் எந்த நாட்டிலும் இல்லை!" என்றார். பண்டிதர் முகம் சுருங்கிப்போயிற்று. பத்து வருஷமாகச் சபையில் உட்கார்ந்திருக்கிறார், இப்படி ஒரு வார்த்தை அவருக்குக் கிடைத்ததில்லை.

"கடைசிக் கேள்வி. சிலந்திக்கு எத்தனை கால்?"

"எட்டு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"தப்பு. ஆறு" என்றார் ராஜா.

வாத்தியார் பணிவாக எழுந்தார். "மகாராஜா, ஆறு கால் எறும்புக்கு. சிலந்திக்கு எட்டுதான்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "அரசர் வாக்குக்கு எதிர்வாக்கா? பிள்ளைகள் முன்னாலேயே அவமானமா?"

அந்தச் சொல் ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "இன்று முதல் என் நாட்டில் சிலந்திக்கு ஆறே கால்! நாளைக்குச் சபையில் வந்து வாத்தியார் அப்படிச் சொல்லட்டும். இல்லையென்றால் எல்லை தாண்டிப் போகட்டும்!"

மந்திரி வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அது அவரை உறுத்தியது. சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போனார். அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு என்று சொல்லிவிடுங்களேன், கூத்தரே. ஒரு வார்த்தைதானே?"

"சொல்லலாம் ஐயா. நாளைக்கு மூவிரண்டு ஏழு என்று உத்தரவு வந்தால்? அப்புறம் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?"

மந்திரிக்கு வெட்கமாகிவிட்டது. "மூட்டையை அவிழுங்கள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் சபை கூடியது. வாத்தியாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மந்திரி முந்திக்கொண்டார். "மகாராஜா! உங்கள் உத்தரவை மீறுகிற துரோகி ஒருவனைப் பிடித்துவிட்டேன். உங்கள் சிம்மாசனத்துக்கு மேலேயே குடியிருக்கிறான்!"

"என்ன துணிச்சல்! கொண்டுவாருங்கள் அவனை!"

துணி மூடிய கண்ணாடிக் குடுவை ஒன்றை இரண்டு சேவகர்கள் தூக்கி வந்தார்கள். துணியை விலக்கினால், உள்ளே பெரிய சிலந்தி.

"நேற்றே தண்டோரா போட்டாயிற்று. இன்னமும் கால்களைக் குறைத்துக்கொள்ளாமல் திரிகிறான். பண்டிதரே விசாரிக்கட்டும்."

சபையில் பாதிப் பேர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பண்டிதர் குனிந்து எண்ணினார். "ஒன்று... இரண்டு..." ஆறு வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"மிச்சம் இரண்டு இருக்கிறதே?" என்றார் மந்திரி.

பண்டிதர் குடுவைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். "அவை... அவை கைகள்!"

"அப்படியா! அப்படியென்றால் நம் பட்டத்துக் குதிரைக்கும் முன்னால் இருப்பவை கைகள்தானே? கைக்கு எதற்கு லாடம்? கழற்றச் சொல்லிவிடட்டுமா?"

"யோவ்! என் குதிரை நொண்டியாகிவிடும்!" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்து இறங்கினார். குடுவையைப் பிடுங்கி, கண்ணுக்கு நேரே வைத்துத் தானே எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"குழந்தைவேலரே, தண்டனை யாருக்கு? இதற்கா, எனக்கா?"

"அது ஒரு உத்தரவும் போடவில்லையே, மகாராஜா."

ராஜா அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துப் பண்டிதர் பக்கம் திரும்பினார். "உமக்கு நேற்றே தெரியுமா?"

"தெ... தெரியும் மகாராஜா."

"வாத்தியார் என்னைத் திருத்தினார். நீர் என்னை முட்டாளாகவே இருக்க விட்டீர். ஒரு மாதம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் உட்காரும்!"

வாத்தியாருக்குப் பட்டுச் சால்வையும், பள்ளிக்கூடத்துக்குப் புது ஓட்டுக் கூரையும் கிடைத்தன. மந்திரிக்கு ராஜா தன் மோதிரத்தையே கழற்றிப் போட்டார்.

அடுத்த வாரம் ராஜா மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "மரவட்டைக்கு எத்தனை கால்?" என்றார்.

பிள்ளைகள் முழித்தார்கள். தில்லைக்கூத்தர் சொன்னார்: "எனக்குத் தெரியாது மகாராஜா. ஒன்றைப் பிடித்து எண்ணிப் பார்ப்போமா?"

ராஜா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். ஈரச் சருகுக்கு அடியிலிருந்து ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்தவர் பண்டிதர் சர்வோத்தமர். நெளிந்துகொண்டே இருந்த அதை ராஜா ஒரு பக்கமும் பண்டிதர் மறுபக்கமும் மண்ணில் படுத்து எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு கணக்கு வந்தது. பிள்ளைகள், "இன்னொரு தடவை மகாராஜா, இன்னொரு தடவை!" என்று கூச்சல் போட்டார்கள்.